மரம் நல்லா இருக்கு, அண்ணாச்சி

ஊற்று-2 நிலையம், செவ்வாய், வடமேடு.
பயிர், காற்றுப் பதிவு. எழுதுபவர்: ச. முத்துப்பேச்சி.

நாள் 23. காலை 08:10

கூடார வெப்பம் 26. ஈரப்பதம் 61. காற்றழுத்தம் சரி. தக்காளி இரண்டாம் வரிசை முளைத்துவிட்டது. வெள்ளரி தாமதம்.

இன்று வேலைத் திட்டத்தில் இல்லாத ஒரு வேலை செய்தோம். லூர்து அண்ணாச்சி பூமியிலிருந்து கொண்டுவந்த குச்சியை நட்டோம். இந்த நிலையத்தில் நாங்கள் இருவர்தான். அவர் நிலத்தடிப் பனியை உருக்கித் தண்ணீர் எடுக்கும் பொறியாளர். பயிரும் காற்றும் என் பொறுப்பு. சொந்தப் பொருளுக்கு ஆளுக்கு அரைக் கிலோ அனுமதி இருந்தது. நான் ஒரு சால்வையும் அப்பா அம்மா படமும் எடுத்துவந்தேன். அவர் ஒரு முழ நீளத்துக்குக் கள்ளிமந்தாரைக் குச்சி எடுத்துவந்தார். வெள்ளை இதழும் நடுவில் மஞ்சளுமாகப் பூக்குமே, ஒடித்தால் பால் வடியுமே, அந்த மரம். அவர் வீட்டு வாசலில் நிற்பதில் அவர் மனைவி ரெஜினா அக்கா வெட்டிக் கொடுத்தது. குளிர்பெட்டியில் உறங்கிக்கொண்டே வந்து சேர்ந்திருக்கிறது. வெட்டுவாய் நன்றாக உலர்ந்திருந்தது. உலராமல் நட்டால் அழுகிவிடும்.

கழுவிய செம்மணலும் சமையலறை மக்கு உரமும் கலந்து தொட்டி நிரப்பினேன். அவர் பம்பு அறையிலிருந்து மைக்கில் பேசினார்.

“ஏ பேச்சி, நட்டாச்சா? தலகீழா நட்டிறாத.”

“நட்டாச்சு அண்ணாச்சி.”

“உங்க அம்மாட்ட மட்டும் சொல்லிராத. சுடுகாட்டு மரத்த வீட்டுக்குள்ள வச்சிட்டான்னு என்னைய வைவாக.”

“எங்க ஊர்ல அப்படித்தான் சொல்வாங்க.”

“உங்க ஊர்ல சுடுகாட்டுப் பூ, எங்க ஊர்ல கோயில் பூ. இங்க ரெண்டும் கெடையாது. சும்மா பூவா இருந்துட்டுப் போட்டுமே.”

அம்மா செவ்வாய்க்கிழமையில் எதையும் நட மாட்டார். இங்கே எல்லாக் கிழமையும் செவ்வாய்தான். இதை அவரிடம் சொல்ல நினைத்தேன். சொல்வதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்.

நாள் 61. காலை 07:50

வெப்பம் 26. வெள்ளரி பூத்தது.

குச்சியின் நுனியில் பச்சையாக ஒரு கூர். பறவையின் மூடிய அலகு போல இருக்கிறது. மைக்கில் சொன்னேன். அவர் பனிக்கிணற்றுச் சாவடியில் இருந்தார்.

“நெசமாவா? சத்தியமாவா?”

“ஆமா அண்ணாச்சி.”

“பேச்சின்னு பேர வச்சுக்கிட்டு நீ பேசுறதே வாரத்துக்கு ரெண்டு வார்த்த. அதுல ஒண்ணு இதுவா இருக்கட்டும். எங்க, இன்னொரு மட்டம் சொல்லு.”

இன்னொரு முறை சொன்னேன். சாவடியில் அவர் தனியாகக் கைதட்டுவது கேட்டது. பூமிக்கு, ரெஜினா அக்காவுக்கு, அவரே செய்தி அனுப்பினார். அன்று இரவுச் சாப்பாட்டில் எனக்குத் தன் பங்கு வெல்லத்தையும் கொடுத்துவிட்டார்.

நாள் 140. காலை 09:30

காற்று வடிகட்டும் டப்பாக்களை மாற்றும் நாள். புதுப்பெட்டி பிரித்தேன். ஒன்றைப் பயிர்க் கூடாரத்தில் பொருத்தினேன். இன்னொன்றை, கிணறுகளுக்குப் போய்வரும் வண்டியில் பொருத்தினேன். எங்கள் தங்கும் அறையில் இருப்பது பழைய டப்பா. இன்னும் பல வாரம் தாங்கும், அதை மாற்றவில்லை. டப்பாவின் மூடியிலேயே காற்றை அளக்கும் கருவியும் ஒரு சிறு விளக்கும் உண்டு. காற்று சுத்தமென்றால் பச்சை, கெட்டால் சிவப்பு. இரண்டிலும் பச்சை எரிந்தது. சோதனை முடிந்தது என்று கையெழுத்திட்டேன்.

தொலைக்கிணற்றில் துளையிடும் தலை சிக்கிக்கொண்டது. லூர்து அண்ணாச்சி வண்டியில் கிளம்பிவிட்டார். மூன்று வார வேலை. வண்டிக்குள்ளேதான் உறக்கமும் சாப்பாடும். துணைக்கோள் தலைக்கு மேல் வரும் நேரத்தில் மட்டும் பேசலாம். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை.

கிளம்பும்போது மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். பதினொரு இலை. வண்டியிலிருந்து அவர் அனுப்பிய முதல் செய்தி:

“பேச்சி, உனக்குத்தான் படிப்பு. ஆனாலும் சொல்லுறேன். தண்ணி ஊத்திக் கொன்னுறாத. அது வாடுன மாதிரி நடிக்கும். நம்பாத. வாரேன்.”

நாள் 146. மாலை 04:20

வெப்பம் 25. ஈரப்பதம் 60.

இன்று மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். இலைகள் தொங்கின. தொட்டியில் அடி ஈரம் இருக்கிறதென்று அளவுகோல் காட்டியது. தெரிந்தே ஊற்றினேன். முகம் கழுவ எனக்கு வைத்திருந்த பங்குதான், நிலையத் தண்ணீர் இல்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் வரும் நாளில் அம்மா முதல் செம்பை வாசல் செடிக்குத்தான் ஊற்றுவார். வாடியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு குவளைதான். இதைப் பதிவில் எழுதியிருக்க வேண்டியதில்லை.

நாள் 151. காலை 08:40

இலைகள் மஞ்சளாகின்றன. ஐந்து உதிர்ந்துவிட்டன. அந்த ஒரு குவளை. வேர் அழுகத் தொடங்கியிருக்க வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. தக்காளி எல்லாம் ஒரே நேரத்தில் பழுத்துவிட்டன. எதிர்பார்த்ததற்கு இரண்டு வாரம் முன்னதாக. கூடை நிறையப் பறித்தேன்.

காலைத் தொடர்பு:

“மரம் எப்டி இருக்கு?”

“நல்லா இருக்கு, அண்ணாச்சி.”

“எத்தன எல?”

“பதினொண்ணுதான்.”

“சரி, சரி. அதுகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு.”

மாலைத் தொடர்பில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

நாள் 155. மாலை 05:00

சொல்லவில்லை.

மரத்தில் இப்போது ஒரு இலையும் இல்லை. நட்ட அன்று இருந்ததைப் போல வெறும் குச்சி. உதிர்ந்த இலைகளை மக்குத் தொட்டியின் அடியில் புதைத்தேன். அவர் வந்தால் கண்ணில் படக்கூடாது.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். விடுதியிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அப்பா கேட்கும் கேள்வி ஒன்றுதான். “நல்லா இருக்கியாம்மா?” மஞ்சள் காமாலையில் கிடந்தபோதும் நல்லா இருக்கேன்ப்பா என்றுதான் சொன்னேன். அப்பா மூட்டை இறக்குகிற இடத்தில் நின்று பேசுவார். பின்னால் லாரி உறுமும். அவர் கேட்பதே அந்த ஒரு பதிலைக் காதில் வாங்கிக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போகத்தான். வேறு பதிலை வைத்துக்கொண்டு அவரால் என்ன செய்ய முடியும்? அந்தப் பழக்கம் வாயிலேயே தங்கிவிட்டது. யார் எப்படி இருக்கு என்று கேட்டாலும் நல்லா இருக்கு என்று வந்துவிடுகிறது.

மாலைத் தொடர்பு:

“துளை சிக்கு எடுத்தாச்சு பேச்சி. இன்னும் குழா மாத்துற வேலதான். தல மட்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்கி.”

“மாத்திர போட்டீங்களா?”

“போட்டேன். இந்தப் பொட்டல மாவுக் கஞ்சிய ரெண்டு வாரம் குடிச்சா உனக்கும் தெறிக்கும். நான் நல்லா இருக்கேன். அத விடு. மரம்?”

“நல்லா இருக்கு, அண்ணாச்சி.”

“புது எல ஏதும்?”

“மொட்டு விட்ட மாதிரி இருக்கு.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் குரல் சோர்ந்திருந்தது. அதைக் கேட்டதும் வந்துவிட்டது.

“ரெஜினாட்ட சொல்லிர்றேன்” என்றார்.

நாள் 158. காலை 10:15

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் வெள்ளரி இலைகள் எல்லாம் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தன. வெள்ளரிக்கு நான் அதிகத் தண்ணீர் ஊற்றவில்லை. அப்போதுதான் தக்காளி நினைவுக்கு வந்தது. காலத்துக்கு முன்பே பழுத்த தக்காளி, உதிர்ந்த இலை, சுருண்ட வெள்ளரி. எத்திலீன். பழுக்கும் பழம் விடும் வாயு. காற்றில் சேர்ந்தால் மற்றச் செடிகள் இலை உதிர்க்கும். இரண்டாம் ஆண்டுத் தேர்வில் இதை ஒன்றரைப் பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

எத்திலீனை அகற்றுவது டப்பாவின் வேலை. டப்பாவில் பச்சை எரிகிறது. மருத்துவப் பெட்டியிலிருந்து, காற்றை அளக்கும் கைமீட்டரை எடுத்துவந்து கூடாரத்தில் பிடித்தேன். எத்திலீன் மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடும் சேர்ந்திருந்தது. டப்பா எதையும் வடிகட்டவில்லை. பெட்டியில் மீதமிருந்த டப்பாக்களையும் ஒவ்வொன்றாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். நெகிழியைச் சூடாக்கி அந்தப் புகையை அருகே பிடித்தேன். எல்லாமே பச்சை. அந்தப் பெட்டி முழுவதும் பழுது. எது வந்தாலும் பச்சைதான் எரியும்.

கூடாரம் பெரியது. நான் அங்கே சிறிது நேரம்தான் இருக்கிறேன். வண்டி சின்னது. அதில் இருப்பது இதே பெட்டியின் டப்பா. பழைய மின்கலம் சூடாகும்போது கார்பன் மோனாக்சைடு கசியும் என்பதால்தான் வண்டிக்கு டப்பாவே. அதற்கு வாசனை கிடையாது. முதலில் தலைவலி. பிறகு புத்தி மழுங்கும்.

மரம் என் தண்ணீரால் உதிரவில்லை. ஒரு வாரமாக அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இலை உதிர்கிறது என்று அன்றே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். அவர் எதையும் ஏன் என்று கேட்பவர். இரண்டு பேரும் சேர்ந்து தேடியிருப்போம். என் குவளைத் தண்ணீரை மறைக்கப்போய் நான்

துணைக்கோள் வருகிறது.

நாள் 158. காலை 11:05

தொடர்பு முழுவதையும் எழுதுகிறேன். இந்தப் பதிவைப் படிப்பவர் ஒலிப்பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

“அண்ணாச்சி, உடனே ஆக்சிஜன் மாஸ்க்க மாட்டுங்க. டப்பா பழுது. வண்டிக்குள்ள இருக்கிறது விஷக்காத்து.”

“ரெஜினாவா?”

“பேச்சி பேசுறேன். மாஸ்க், அண்ணாச்சி. உங்க தலைக்கு மேல இருக்கு.”

“பச்ச எரியுதும்மா.”

“பச்ச பொய்யி. எல்லா டப்பாவும் பச்சதான் காட்டுது. இங்க மரம் பட்டுப்போச்சு, எல எல்லாம் கொட்டிப்போச்சு. அத வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்.”

அவர் சிரித்தார்.

“ஏ, யாருட்ட கத விடுற? அன்னைக்கித்தான மொட்டு விட்டிருக்குன்ன?”

“அது பொய் அண்ணாச்சி. நான் சொன்னது பொய்.”

“பேச்சி பொய் சொல்லாது. பேசுறதே ரெண்டு வார்த்த.” மறுபடியும் சிரிப்பு. “நான் நல்லா இருக்கேன். செத்த படுத்துட்டு வாரேன்.”

“படுக்காதீங்க. மாஸ்க்க மாட்டிட்டுப் படுங்க. அண்ணாச்சி!”

துணைக்கோள் மறைந்துவிட்டது.

வண்டியின் காற்றை இங்கிருந்து திறந்துவிட வழியில்லை. இன்னொரு வண்டி இல்லை. நடந்து போகும் தூரம் இல்லை. மூன்றையும் மறுபடி மறுபடி சரிபார்த்தேன்.

நாள் 158. மாலை 05:40

பதில் இல்லை.

நாள் 160. காலை 09:00

பதில் இல்லை. வண்டிக்குள் அசைவு இல்லை என்று பூமி உறுதிப்படுத்திவிட்டது. வெப்பக் கருவியின் அளவையும் அனுப்பினார்கள். அதை இங்கே எழுத மாட்டேன்.

பூமியிலிருந்து ஃபரீதா மேடத்தின் செய்தி. எங்கள் நிலையத்தின் தொடர்பாளர் அவர்தான்.

“முத்துப்பேச்சி, முதல்ல நீ சாப்பிடு. மாற்றுக் குழுவோட டப்பாக்களையும் பரிசோதிக்கச் சொல்லியாச்சு. நீ கண்டுபிடிச்சதால நாலு பேர் தப்பிச்சாங்க, அத ஞாபகம் வச்சுக்கோ. அறிக்கைக்கு ஒரே ஒரு கேள்வி. மாஸ்க் போடச் சொல்லி லூர்துகிட்ட தெளிவா சொன்னியா?”

“சொன்னேன் மேடம்” என்று அனுப்பினேன். உண்மைதான். பாதி உண்மை.

முக்கால் மணி நேரம் கழித்து அறிக்கையின் வரைவு வந்தது. அதில் ஒரு வரி: ‘சக பணியாளர் தெளிவாக எச்சரித்தும் திரு. லூர்து பர்னாந்து பொருட்படுத்தவில்லை.’

ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று கீழே இருந்தது.

நாள் 163. காலை 08:15

கூடாரத்தைக் காற்றோட்டம் விட்டுச் சுத்தம் செய்தேன். பழுதான டப்பாவைக் கழற்றியாயிற்று. தக்காளிச் செடிகளை வெட்டி எடுத்துவிட்டேன்.

குச்சியையும் பிடுங்கப் போனேன். பிடுங்குவதற்கு முன் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன்.

பால் வந்தது.

கீறிய இடத்தில் வெள்ளையாகத் துளிர்த்து, திரண்டு, ஒரு கோடாக இறங்கியது. விரலில் பிசுபிசுத்தது. மரம் சாகவேயில்லை. கெட்ட காற்று போகும்வரை இலையைக் கொட்டிவிட்டு உள்ளுக்குள் காத்திருந்திருக்கிறது. வேரையும் தோண்டிப் பார்த்தேன். அழுகல் இல்லை. என் ஒரு குவளைத் தண்ணீர் அதற்கு எதுவுமே செய்யவில்லை.

தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இன்றைய வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறிக்கவில்லை.

நாள் 165. காலை 10:30

ரெஜினா அக்காவின் குரல் வந்தது. அழுது முடித்த குரல்.

“பேச்சி, நான் ரெஜினாம்மா. ஆபீசுல இருந்து வந்து சொன்னாக. நீ சொல்லியும் கேக்காம இருந்துட்டாகன்னு. எனக்கு அதுதான் மனசு ஆறல. அவுக யாரு சொன்னாலும் கேப்பாக. வம்பு பேசுவாக, நக்கலு பண்ணுவாக, ஆனா கேப்பாக. உன் பேச்ச கேக்காம இருப்பாகளா? சரி, விதி. உன்னைய ஒண்ணும் சொல்லல தாயி. நீ ஒத்தையில கெடக்க. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மரம் மொட்டு விட்டிருக்குன்னு அவுக கடைசியா அனுப்புன சேதி. பேச்சி சொல்லிச்சுன்னு அவ்வளவு சந்தோசம். அந்த மொட்ட ஒரு படம் எடுத்து அனுப்புவியா? பெறகு நீ நல்லா சாப்பிடு.”

மூன்று முறை கேட்டேன். கேமராவை எடுத்துக்கொண்டு போய்க் குச்சியின் முன்னால் நின்றேன்.

நாள் 165. மாலை 03:10

அனுப்பிவிட்டேன். படத்தையும் கூடவே இதையும். ரெஜினா அக்காவுக்கும் ஃபரீதா மேடத்துக்கும் ஒரே செய்தி.

“அக்கா, படத்தில் இருப்பதுதான் மரம். மொட்டு இல்லை. எந்நாளும் இருந்ததில்லை. இலை உதிர்ந்தபோது நான் மறைத்தேன். என் தப்பு என்று நினைத்து மறைத்தேன். அது என் தப்பு இல்லை, காற்றின் தப்பு. மறைத்ததுதான் என் தப்பு. மொட்டு என்று நான் சொன்ன பொய்யை அண்ணாச்சி நம்பினார். அதனால்தான் நான் உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. நான் சொன்னதை அவர் கேட்காமல் இல்லை. முதலில் சொன்னதைக் கேட்டார். அறிக்கையில் அந்த வரியை எடுத்துவிடுங்கள் மேடம்.”

விஷக்காற்று மூளையை ஏற்கெனவே மழுக்கியிருக்கும், நான் பொய் சொல்லாவிட்டாலும் அவர் கேட்டிருக்க மாட்டார் என்று மேடம் சொல்லக்கூடும். இருக்கலாம். ஆனால் அவர் சிரித்தது எனக்குக் கேட்டது.

பூமிக்கு என் செய்தி போய்ச் சேரக் கால் மணி நேரம். அதற்குள் திரும்ப எடுக்க வழியில்லை.

நாள் 171. காலை 09:20

அந்த வரியை எடுத்துவிட்டார்கள். ரெஜினா அக்காவிடமிருந்து பதில் இல்லை. வராமல் இருப்பதுதான் நியாயம்.

தங்கும் அறையின் பழைய டப்பாவின் தவணை முடியப்போகிறது. மாற்ற நல்ல டப்பா இல்லை. மாற்றுக் குழு இறங்க நான்கு வாரம். பூமி ஒரு திட்டம் அனுப்பியிருக்கிறது. வேலையைக் குறைப்பது, பாதி நேரம் விண்ணுடையின் ஆக்சிஜனில் இருப்பது, கைமீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது. கணக்குச் சரியாக வந்தால் போதுமானது.

நாள் 188. காலை 07:30

கைமீட்டர் மஞ்சள் கோட்டைத் தாண்டியது. விண்ணுடையில் ஆக்சிஜன் கணக்கை விடக் குறைவாக இருக்கிறது. ஏதோ ஒரு மூட்டில் கசிவு. கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்தப் பதிவைக் கண்டெடுப்பவருக்கு: தொட்டி கூடாரத்தின் கிழக்கு மூலையில். வாடியது போல இருந்தாலும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இலை கொட்டினால் மரத்தைக் குறை சொல்ல வேண்டாம், காற்றைப் பாருங்கள். சந்தேகம் என்றால் நகத்தால் கீறிப் பாருங்கள்.

நாள் 193. காலை

தலை தெறிக்கிறது. விண்ணு விண்ணு என்று. அவர் சொன்னது சரியான சொல்.

இன்று நுனியில் ஒரு கூர் பார்த்தேன். இலைக்கூர் என்று நினைத்தேன். இல்லை. தடித்த காம்பு, அதில் கொத்தாகச் சின்னச் சின்ன முனைகள். மொட்டுதான். நம்பாமல் மூன்று படம் எடுத்தேன். படத்திலும் இருக்கிறது. அக்காவுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை இருக்கு அக்கா என்று மட்டும் எழுதினேன்.

வண்டியின் அலைவரிசையையும் திறந்தேன். துணைக்கோள் நேரம்தானா என்று பார்க்கவில்லை. மரம் நல்லா இருக்கு, அண்ணாச்சி என்றேன்.

நாள் 194

ஃபரீதா மேடம் குரல். “பேச்சி, உன் மீட்டர் எண் ரெண்டு நாளா வரல. எப்படி இருக்கே? உண்மையச் சொல்லு. உண்மையச் சொன்னாத்தான் குழுவ முன்னாடியே இறக்க அனுமதி கேக்க முடியும்.”

பதில் பெட்டி திறந்திருக்கிறது.

நல்லா இருக்கேன் என்று கை தானாக அடித்துவிட்டது. அழித்தேன்.

எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. கூடாரத்துக் கதவு திறந்திருக்கிறது போல. பூ வாசனை வருகிறது. மொட்டு விரியவில்லை, வாசனை வர வாய்ப்பில்லை. ஆனாலும் வருகிறது. இதையும் சொல்ல வேண்டும்.

மறுபடி அடிக்கிறேன், இந்தத் தடவை உண்மையை.

மேடம், நான் நல்லா